ஒன்று கூடிப்போன துக்கமணி

புதிதாக அங்கி மாட்டியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஓய்வு பெற்ற போதகரைக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல்லச் சொல்வது ஆபத்தான வேலை. இருபது நிமிடத்தில் பிரசங்கத்தை முடிக்க வேண்டும் என்று எங்களுக்கும்தான் சொல்லித் தந்தார்கள். நாற்பது வருடமாக ஒரு நாளும் முடித்ததில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். என் வெற்றிகளை எழுதினால் அரைப் பக்கம் வராது. பிழைகள் என்றால் கைவசம் நிறைய இருக்கின்றன, அதனால் அவற்றையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பிழை. ஊழியத்துக்கு வந்த முதல் வருடம், கால் முறிந்து கிடந்த எங்கள் சபை மனிதர் ஒருவரைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் ஒருவர் போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருந்தார். எழுப்பிப் பெயர் கேட்பது அழகில்லை என்று நினைத்து, நேரே செபத்தில் இறங்கிவிட்டேன். அவருடைய காலுக்காக, எலும்புக்காக, அது நேராகப் பொருந்துவதற்காக, அவர் மறுபடி நடந்து கோயிலுக்கு வருவதற்காகப் பத்து நிமிடம் செபித்தேன். ஆமென் என்றதும் போர்வை விலகியது. நெற்றி நிறையத் திருநீறு.

"நல்லாயிருந்தது ஐயா," என்றார் அந்த மனிதர். "ஆனா எனக்குக் காலிலை ஒண்டுமில்லை. வயித்திலைதான் குத்து. அதுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

சொன்னேன். எங்கள் ஆள் பக்கத்துக் கட்டிலில் கிடந்து சிரித்த சிரிப்பில் முறிந்த கால் இன்னும் நொந்துபோக, தாதி வந்து என்னைத்தான் ஏசினார். அன்றிலிருந்து பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். பெயரை மட்டும் கேட்டால் போதாது, மனிதர் சொல்லும் சொல்லையும் சரியாகக் கேட்க வேண்டும் என்பது விளங்க எனக்கு மேலும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. இனி அந்தப் பெரிய பிழைக்கு வருகிறேன்.

அது நாடே கடனில் விழுந்து பெற்றோல் இல்லாமல் போன காலம். உங்களில் பலர் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள், நினைவிருக்கும். ஊரில் ஆளை ஆள் கண்டால் சுகம் விசாரிப்பதற்கு முதல் "வரிசை எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்பார்கள். மின்சாரம் போகும், போனால், கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். பாதி வசனம் கேட்கும், மீதியை நாங்களே இட்டு நிரப்ப வேண்டும். நான் அப்போது பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சிறிய கோயிலில் போதகர். மோட்டார் சைக்கிளைத் துணி போட்டு மூடிவிட்டு, மிதிசைக்கிளில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். சனம் அதைப் பார்த்து, "எங்கடை ஐயா எவ்வளவு தாழ்மை" என்று புகழ்ந்தது. மறுத்துப் பேசவில்லை. புகழை மறுப்பதும் பெருமைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் சபையில் ஞானமுத்து மாஸ்டர் என்று ஒருவர். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குப் படிப்பித்தவர், மற்றப் பாதிக்கு அடித்துப் படிப்பித்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால், செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரைக்கு யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். நான்கு மணி நேரம் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். கூட்டிப் போய்க் கூட்டி வருவது அடுத்த ஒழுங்கை ஜெயனுடைய ஓட்டோ. அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை ஜெயனுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை, மாஸ்டர் போகவில்லை. வெள்ளியும் தவறினால் நெஞ்சில் நீர் கட்டிவிடும், அதற்குப் பிறகு கொண்டுவந்து பிரயோசனமில்லை என்று டாக்குத்தர் மாஸ்டரின் மனைவி கிறேஸ் அக்காவுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். சபையில் எல்லோருக்கும் இது தெரியும்.

பஸ் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். ஓடியது, கதவில் ஆட்கள் தொங்க ஓடியது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும் மனிதரை அதில் எப்படி ஏற்றுவது? அம்புலன்சைக் கூப்பிடலாமே என்றால், மாஸ்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"அது சாகக் கிடக்கிறவைக்கு. நான் இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்."

குடிப்பது நாளுக்கு அரைக் கோப்பைதான், அதற்கு மேல் அவருக்கு அனுமதியில்லை. அந்த அரைக் கோப்பையைக் காட்டித்தான் இந்த வீம்பு.

ஆகவே, நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். புதன்கிழமை பின்னேரம் மாஸ்டர் வீட்டில் செபக்கூட்டம். இருபது பேர் வந்தார்கள். அன்றைக்கு நான் செபித்த மாதிரி என் வாழ்நாளில் செபித்ததில்லை. எலியா தீர்க்கதரிசிக்குக் காகத்தின் மூலம் அப்பம் அனுப்பின ஆண்டவர் எங்கள் மாஸ்டருக்கு ஒரு வழியைத் திறக்கட்டும் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே மாஸ்டர் சொன்னார், "காகம் கொண்டு வந்தாலும் போத்திலிலை கொண்டுவரச் சொல்லுங்கோ ஐயா, வாயிலை கொண்டு வந்தால் சிந்திப்போடும்." பெண்கள் பக்கம் சிரிப்புப் பரவியது. கிறேஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் எழும்பும்போது அவ ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் எனக்கு மனதில் நிற்கிறது.

இங்கே ஒரு பாவ அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. என்னிடம் பெற்றோல் இருந்தது. ஒரு சோடாப் போத்தல் நிறைய, ஏறக்குறைய ஒரு லீற்றர். கோயிலில் அங்கி மாற்றும் அறையின் அலுமாரியில், அங்கிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். திருடியதல்ல, வரிசையில் நின்று வாங்கியதில் மிச்சம் பிடித்ததுதான். அப்படி வைப்பது பெரிய ஆபத்து, கோயிலே பற்றியிருக்கும். நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். ஏன் ஒளித்தேன் என்றால், ஊழியத்துக்காம். திடீரென்று யாராவது செத்தால் கல்லறைக்கும் சாவீட்டுக்கும் போதகர் போய்வர வேண்டாமா? புதன்கிழமை நான் அவ்வளவு உருக்கமாகச் செபித்தபோது இந்தப் போத்தல் எனக்கு நினைவு வரவேயில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். ஒருதரம் வந்தது. "அது வேறை விஷயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிய, ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. கிறேஸ் அக்கா. குரல் விம்முகிறது, நடுவில் கரகரக்கிறது.

"ஐயா... இவர்... காலமை... போ..."

அவ்வளவுதான், அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தேன். கோபுரம் படுத்துவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தான். காலமை என்றால் காலை நேரம் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். நானே ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்கிற சொல். ஆனால் அந்தக் கிழமை மட்டும் மூன்று அடக்க ஆராதனை செய்திருந்தேன். மூன்று தரம் கோயில் அறிவித்தல் பலகையில் "காலமானார்" என்று என் கையால் எழுதியிருந்தேன். கிறேஸ் அக்கா சொன்னது "காலமை." என் காதில் விழுந்தது "காலமா..." மிச்சத்தை நான் நிரப்பிவிட்டேன். இப்போது யோசித்தால் எவ்வளவு விசர்த்தனம் என்று தெரிகிறது. எந்த மனைவி தன் புருஷன் செத்த துக்கத்தில் "காலமானார்" என்று அழுவாள்? "மோசம் போயிட்டார் ஐயா" என்பாள். ஒன்றும் சொல்லாமலே அலறுவாள். பலகையில் எழுதுகிற மொழியில் ஊரில் ஒருவரும் அழுவதில்லை. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வருடக்கணக்காகப் பலகையில் எழுதினால் காதும் பலகையாகிவிடுகிறது. இந்த நோய் உங்களுக்கும் வரும், கவனமாக இருங்கள்.

என் மனைவியிடம் சொன்னேன். அவ நெஞ்சில் கை வைத்து இருந்துவிட்டா. எனக்கு முதலில் வந்தது துக்கம், அது உண்மை. இரண்டாவதாக வந்த எண்ணத்தையும் எழுதாவிட்டால் இந்த அனுபவத்தை எழுதுவதில் அர்த்தமில்லை. நல்ல காலம், அந்தப் போத்தல் இருக்கிறது, அடக்கத்துக்கு ஓடித் திரியலாம். அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். யாராவது இறந்தால், அவருடைய வயதின் கணக்குக்கு மணி அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு விடும் நேரம் விட்டு. மணி அடிக்கும் ஐயா பெற்றோல் வரிசையில் நின்றதால் அன்றைக்கு நானே கயிற்றைப் பிடித்தேன். மாஸ்டருக்கு எழுபத்தொரு வயது. அடிக்க அடிக்கக் கண் கலங்கி, ஐம்பதுக்குப் பிறகு எண்ணிக்கை கொஞ்சம் தடுமாறியது. ஏறக்குறைய முடித்தேன். கயிற்றை விடும்போதே ஒழுங்கையில் கதவுகள் திறந்து ஆட்கள் வெளியே வருவது தெரிந்தது. மணி எழுபதைத் தாண்டினால் அது யாருக்கென்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

அங்கியைப் போட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசரத்தில் பழக்க தோஷத்தில் மிதிசைக்கிளிலேயே விழுந்தடித்துப் போனேன். கூட்டம் வருவதற்கு முதல் கிறேஸ் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், விறாந்தையில் கதிரை போட்டு, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தி, அரைக் கோப்பைத் தேத்தண்ணியைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் இருக்கிறார்.

"வாங்கோ ஐயா, நல்ல நேரத்துக்கு வந்தனீங்கள். ஆருக்கு மணி அடிச்சனீங்கள்?"

கக்கத்திலிருந்து நழுவிய பாட்டுப் புத்தகத்தை இழுத்துப் பிடித்தேன்.

"எழுபத்திரண்டு. எண்ணினனான். அப்பேலையிருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன், எங்கடை பக்கத்திலை எழுபத்திரண்டு வயசிலை ஆர் இருக்கினம் எண்டு. ஒருத்தரும் பிடிபடேல்லை. எழுபத்தொண்டிலை நான் இருக்கிறன்..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். என் அங்கியைப் பார்த்தார். கக்கத்திலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். என் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"ஐயா," என்றார் மெதுவாக. "எனக்கோ அடிச்சனீங்கள்? எனக்கெண்டால் ஒண்டு கூட அடிச்சுப்போட்டியள்."

உள்ளேயிருந்து ஓடி வந்தா கிறேஸ் அக்கா. கண் அழுது சிவந்திருந்தது. "இவர் காலமை போகவேணும், ஒரு வாகனமும் சரிவரேல்லை எண்டுதானே ஐயா சொன்னனான்! காலமை எண்டனான்!"

அந்த நேரத்தில் படலையடியில் பாட்டுச் சத்தம் எழுந்தது. அடக்க ஆராதனைப் பாட்டு. எங்கள் சபையின் பாடகர் குழு வருடத்தில் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அன்றைக்கு ஆறரைக்கே வந்துவிட்டார்கள், நாலு குரலிலும். பின்னால் வெள்ளைச் சேலைகள், வெள்ளை வேட்டிகள், தள்ளி வந்த சைக்கிள்கள், வாடகைக் கதிரைக்காரர், ஓட்டோக்கார ஜெயன், பக்கத்துத் தோட்டக்காரர் கந்தசாமி அண்ணை. கந்தசாமி அண்ணை சைவ சமயம்; ஆனால் மாஸ்டரிடம் கணக்குப் படித்து, அதற்காக அடி வாங்கி, இன்றைக்கும் அவர் முன்னால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டுதான் நிற்பார். அவர்தான் முதலில் விறாந்தையைக் கண்டார். கண்டதும் "ஐயோ!" என்று பின்னால் எட்டி வைத்த எட்டில், மேல்குரல் பாடிய பிள்ளையின் காலை மிதித்தார். பாட்டு நடு வரியில் செத்தது.

"வாங்கோ, வாங்கோ," என்றார் மாஸ்டர். "பிரேதம் இஞ்சைதான் இருக்குது."

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு நிற்பீர்கள். உங்கள் பிழை உங்களுக்கு முன்னால் வெள்ளை உடுத்தி, ஐம்பது பேராக வரிசையில் நின்று, விளக்கம் கேட்கும். எனக்கு நாக்கு நுனியில் மூன்று பொய்கள் ஆயத்தமாக வந்து நின்றன. மணிக்கயிறு சிக்கிவிட்டது என்பது ஒன்று. மற்ற இரண்டையும் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் கிறேஸ் அக்கா முந்திவிட்டா. நடந்ததை அப்படியே, அழுகையும் கோபமுமாகச் சொல்லிவிட்டா. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சிலருக்குக் கோபம் வந்தது.

"தோட்டத்துத் தண்ணி இறைப்பையும் விட்டிட்டெல்லோ ஐயா ஓடி வந்தனான்," என்றார் கந்தசாமி அண்ணை. "மிசினைப் பூட்டி வைச்சது வைச்சபடி கிடக்குது."

எங்கள் தொழிலில் இப்படி நெருக்கடி வந்தால் தப்பி ஓட ஒரு பின்கதவு இருக்கிறது. அதன் பெயர் "செபிப்போம்." எல்லோரும் கண்ணை மூடுவார்கள், யாரும் கேள்வி கேட்க முடியாது, போதகருக்கு யோசிக்க இரண்டு நிமிடம் கிடைக்கும். நான் கைகளை உயர்த்தினேன். "செபிப்போம்" என்றேன். ஐம்பது தலை குனிந்தது. கந்தசாமி அண்ணையும் மரியாதைக்குத் தலையைக் குனிந்தார்.

"ஆண்டவரே, இந்த உயிரைக் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எட்டரைக்கு முதல் இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, எங்களில் யாரிடமாவது..."

அதற்கு மேல் போக முடியவில்லை. "எங்களில் யாரிடமாவது" என்ற சொல்லில் என் தொண்டை அடைத்துவிட்டது. யாரிடமாவது என்றால் யாரிடம்? சனம் நான் அழுகிறேன் என்று நினைத்தது, ஒரு அம்மா விம்மத் தொடங்கினா. நான் அழவில்லை, எனக்கு வெட்கம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வெட்கம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மாஸ்டர் இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாரின் பார்வை. செய்கை வழி இல்லாமல் விடையை மட்டும் எழுதிய பெடியனைப் பார்க்கிற பார்வை.

"ஆமென்," என்றேன். "எல்லாரும் பத்து நிமிஷம் நில்லுங்கோ. ஒருத்தரும் போகவேண்டாம்."

கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்து, சோடாப் போத்தலை விறாந்தையின் நடுவில், மாஸ்டரின் காலடியில் வைத்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: இது ஒரு மாதமாக என்னிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் போகாமல் இருந்தபோதும் இருந்தது. புதன்கிழமை நான் காகத்தைக் கேட்டபோதும் இருந்தது. செத்தால் உதவும் என்று வைத்திருந்தேன். என்னை மன்னியுங்கள்.

பிறகு என் மனைவிதான், கூட்டத்தின் பின்னாலிருந்து, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னா, "அதுதான் உந்த அங்கி ஒரு மாசமாய் மணக்குது. நானும் தோய்ச்சுத் தோய்ச்சுக் களைச்சுப்போனன்."

இரண்டாவது சிரிப்பு எழும்பியது. அதற்குள் ஜெயன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"போக மட்டும் காணும் ஐயா. அங்கை நாலு மணித்தியாலம் நிண்டிட்டுத் திரும்பி வரக் காணாது. வரிசையிலை நிண்டால் ரெண்டு நாள்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மணி ஆறே முக்கால். கிறேஸ் அக்கா அன்றைக்குப் பார்த்தது போலவே ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. இந்த முறை முகங்கள் குனிந்தன. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. புதன்கிழமை அந்தச் செபக்கூட்டத்தில் ஒளித்து வைத்த போத்தலோடு கண்ணை மூடியிருந்தவன் நான் மட்டுமில்லை.

கந்தசாமி அண்ணை விறுவிறென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில், ஒரு சின்னக் கானோடு வேலியால் ஏறிக் குதித்து வந்தார். தோட்டத்தில் இறைப்பு மிசினுக்கென்று வைத்திருந்த பெற்றோல். அந்தக் கிழமை அவருடைய வெங்காயம் தண்ணீர் கேட்டு வாடத் தொடங்கியிருந்தது ஊருக்கே தெரியும்.

"அண்ணை, உங்கடை வெங்காயம்?" என்றான் ஜெயன்.

"வெங்காயம் ரெண்டு நாள் தாங்கும்," என்றார் கந்தசாமி அண்ணை. "மாஸ்டர் தாங்கமாட்டார். ஊத்து."

அதோடு கட்டு அவிழ்ந்தது. வாடகைக் கதிரைக்காரர் சைக்கிளை எடுத்தார். பாடகர் குழுவில் இரண்டு பேர் காணாமல் போய் வந்தார்கள். கோழிக்கூட்டுக்குள் இருந்து ஒன்று, அரிசிப் பெட்டிக்குள் இருந்து ஒன்று, பரணில் பழைய பாயில் சுற்றி வைத்த ஒன்று. ஒவ்வொருவரும் போத்தலை வைக்கும்போது மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஜெயனே தலையைச் சொறிந்துகொண்டு, தன் ஓட்டோச் சீற்றுக்குக் கீழேயிருந்து கால் போத்தல் எடுத்து வந்தான். அன்றைக்குத்தான் கிறேஸ் அக்கா முதல் தரம் சிரித்தா. சிரித்துக்கொண்டே அவனுடைய முதுகில் ஒன்று வைத்தா. விறாந்தையில் சேர்ந்ததைப் பார்த்தால், வெள்ளிக்கிழமைக்கு மட்டுமில்லை, அடுத்த மூன்று கிழமைக்கும் போதும்.

நானும் கூடப் போவதாக இருந்தேன். மாஸ்டர் விடவில்லை.

"நீங்கள் பாரம் ஐயா. பெற்றோல் கூடக் குடிக்கும். ஒரு சின்னச் செபம் பண்ணி அனுப்பிவிடுங்கோ. சின்னதாய். நீட்டினால் இருக்கிறதும் ஆவியாய்ப் போகும்."

"ஆண்டவரே, நன்றி," என்றேன். என் ஊழியத்தில் நான் செய்த மிகக் குறுகிய செபம் அது. ஆமென் சொன்ன சத்தம் மட்டும் மிகப் பெரிதாக இருந்தது.

ஓட்டோ ஒழுங்கையால் திரும்பி மறைந்த பிறகு, சாவீட்டுக்கென்று புறப்பட்டு வந்த ஐம்பது பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வேலைக்கு விடுமுறை சொல்லியாயிற்று, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று, அழுவதற்கு ஆள் இல்லை. அப்போது பாடகர் குழுவில் ஒரு பிள்ளை கேட்டது, "கந்தசாமி மாமாவின்ரை வெங்காயம் என்ன செய்யிறது?" என்னைக் கேட்காமலே எல்லோரும் வேலியடிக்குப் போய்விட்டார்கள். சேர்ந்த பெற்றோல் மாஸ்டருக்கு, மிசினுக்கு இல்லை. கிணறும் வாளியும் இருந்தன. வேட்டியை மடித்துக் கட்டினார்கள், சேலையைச் செருகினார்கள். கிணற்றடியிலிருந்து பாத்திவரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் அங்கியைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வரிசையில் நின்றேன். கந்தசாமி அண்ணை வரப்பில் நின்று, மாஸ்டரைப் போலவே எல்லோரையும் ஏசினார். "வேரிலை ஊத்துங்கோ! தாளிலை ஊத்தி ஆருக்கு ஞானஸ்நானம் குடுக்கிறியள்?" என்று கத்தினார். மத்தியானம் யாரோ ஒரு வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள், சிரட்டையில் ஊற்றிக் குடித்தோம்.

புதன்கிழமை செய்ததும் செபம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் இருபது பேரும் கேட்டது, எங்கள் இருபது வீட்டில் ஏற்கெனவே இருந்தது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, "எங்களில் யாரிடமாவது" என்று செபிக்க வாய் திறக்கும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். தொண்டை அடைத்தால் நல்லது. அடைக்காவிட்டால், அலுமாரியை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு வந்து செபியுங்கள். இதற்கு மேல் சொன்னால் பிரசங்கமாகிவிடும்.

மூன்று மணியிருக்கும். கடைசிப் பாத்திகளில் நின்றோம். ஓட்டோச் சத்தம் கேட்டது. தோட்டத்து வேலியோரம் வந்ததும் ஜெயன் நிறுத்தினான். மாஸ்டர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் வீக்கம் வற்றி, கை மடிப்பில் வெள்ளைக் கட்டு. சாவீட்டு வெள்ளை உடுத்தி, முழங்கால்வரை சேறோடு வாளிகளும் கையுமாக ஐம்பது பேர் வெங்காயத்துக்குள் நிற்பதைக் கண்டார். அவருடைய உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எண்ணி முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சை பாருங்கோ," என்றார். குரல் உடைந்து, பிறகு தெளிந்தது. "நான் உண்மையாய்ச் சாகேக்கை நீங்கள் ஒருத்தரும் வராட்டிலும் காரியமில்லை. வரவேண்டிய நேரத்திலை வந்திட்டியள்."